மகளிர் ஹாக்கி உலகக் கோப்பை நெதர்லாந்தின் கையைவிட்டுப் போகாதது ஏன்?

மகளிர் ஹாக்கி உலகக் கோப்பை 1974-இல் தொடங்கி 2022 வரை 15 முறை நடந்திருக்கிறது. அவற்றில் 9 முறை கோப்பையை வென்றது நெதர்லாந்து. வெல்லாத ஆண்டுகளிலும் அந்த அணி வெகுதூரம் பின்தங்கி நின்றதில்லை. 15 போட்டிகளில் 13 முறை இறுதி ஆட்டம் வரை வந்திருக்கிறது. 1976-இல் மூன்றாம் இடமும் 1994-இல் ஆறாம் இடமும் பெற்ற அந்த இரண்டு முறை மட்டுமே இறுதி ஆட்டத்தில் ஆரஞ்சுச் சட்டையைக் காண முடியவில்லை. 1998 முதல் அந்த அணி இல்லாமல் ஓர் இறுதி ஆட்டம்கூட நடந்ததில்லை. எஞ்சிய 6 கோப்பைகளை மேற்கு ஜெர்மனி (1976, 1981), ஆஸ்திரேலியா (1994, 1998), அர்ஜென்டினா (2002, 2010) ஆகிய மூன்று நாடுகள் ஆளுக்கு இரண்டாகப் பங்கிட்டுக்கொண்டன. ஆக, ஏறத்தாழ அரை நூற்றாண்டில் இந்தப் போட்டி கண்ட சாம்பியன்கள் நான்கே நாடுகள்தாம்.

ஆடவர் உலகக் கோப்பையை இதன் அருகில் வைத்துப் பார்த்தால் வேறுபாடு பளிச்சென்று தெரியும். அதுவும் 1971 முதல் 2023 வரை 15 முறை நடந்திருக்கிறது. பாகிஸ்தான் 4 முறையும், நெதர்லாந்து, ஆஸ்திரேலியா, ஜெர்மனி ஆகியவை மும்மூன்று முறையும், இந்தியாவும் பெல்ஜியமும் ஒவ்வொரு முறையும் வென்றிருக்கின்றன. இரண்டு பிரிவுக்கும் விதிகள் ஒன்றுதான், களத்தின் அளவும் ஒன்றுதான். டச்சுக்காரர்கள் உயரமானவர்கள், உடல்வாகு அப்படி என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளவும் வழியில்லை. அப்படியானால் அந்நாட்டு ஆண்களும் 9 கோப்பைகளை வைத்திருக்க வேண்டுமே. பெண்கள் பிரிவில் மட்டும் ஒரே நாடு இப்படி நிலைத்து நிற்பதற்கான காரணத்தைக் களத்துக்குள் தேடினால் பாதிதான் கிடைக்கும். மீதிப் பாதி, பெண்களின் ஹாக்கியை யார் நடத்தினார்கள், எந்தத் தரையில் நடத்தினார்கள், போட்டிகள் இல்லாத நாட்களில் வீராங்கனைகள் எங்கே விளையாடினார்கள் என்ற கேள்விகளில் இருக்கிறது.

இங்கிலாந்துப் பெண்கள் 1895-இல் தங்களுக்கென்று ஓர் ஹாக்கிச் சங்கத்தைத் தொடங்கினார்கள். ஆடவர் சங்கம் அவர்களைத் தன்னோடு சேர்த்துக்கொள்ள மறுத்தது. மறுப்பு ஒருவகையில் நல்லதாகவே முடிந்தது. பெண்கள் தங்கள் ஆட்டத்தைத் தாங்களே நிர்வகிக்கக் கற்றுக்கொண்டார்கள். 1896-இலேயே அயர்லாந்தும் இங்கிலாந்தும் டப்ளினில் மோதின. ஆனால் அந்தத் தலைமுறையின் நிர்வாகிகளுக்கு ஓர் உறுதியான கொள்கை இருந்தது. ஆட்டம் ஆட்டத்துக்காகவே ஆடப்பட வேண்டும். கோப்பை, புள்ளிப் பட்டியல், லீக் போன்றவை ஆட்டத்தின் பண்பைக் கெடுத்துவிடும் என்று அவர்கள் நம்பினார்கள். 1927-இல் இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ், அயர்லாந்து, ஆஸ்திரேலியா, தென் ஆப்பிரிக்கா, அமெரிக்கா, டென்மார்க் ஆகிய நாடுகளின் பெண்கள் சங்கங்கள் கூடிச் சர்வதேச மகளிர் ஹாக்கிச் சங்கங்களின் கூட்டமைப்பை அமைத்தபோதும் அந்த மனப்போக்கு மாறவில்லை. 1933-இல் கோபன்ஹேகனில் தொடங்கி, சில ஆண்டுகளுக்கு ஒருமுறை பல நாட்டு அணிகள் ஓரிடத்தில் கூடின, விளையாடின, விருந்துண்டன, கலைந்தன. யார் முதலிடம் என்று அறிவிக்கப்படவில்லை. அந்தக் கூட்டங்களுக்கு மாநாடு என்றுதான் பெயர்.

மறுபுறம், ஹாக்கியை 1924 பாரிஸ் ஒலிம்பிக்கிலிருந்து விலக்கியதை அடுத்து அதே ஆண்டு அதே நகரில் பிறந்தது சர்வதேச ஹாக்கி சம்மேளனம். ஆடவர் ஆட்டத்துக்காக உருவான அந்த அமைப்பு, காலப்போக்கில் ஐரோப்பியப் பெருநிலப்பரப்பு நாடுகளின் பெண்கள் அணிகளையும் தன் குடைக்குள் கொண்டுவந்தது. பெண்கள் ஆட்டத்துக்கு இவ்வாறு இரண்டு தலைமைகள் வாய்த்தன. ஆடவர் ஹாக்கி 1908-இலேயே ஒலிம்பிக்கில் இடம்பெற்றுவிட, பெண்கள் ஹாக்கி 1980 வரை காத்திருக்க நேர்ந்ததற்கு இந்தப் பிளவும் ஒரு காரணம்.

1974-இல் பிரான்சின் கான் நகருக்கு அருகிலுள்ள மாண்டெல்யூவில் சம்மேளனம் நடத்திய முதல் மகளிர் உலகக் கோப்பையில் பத்து அணிகள் விளையாடின. இறுதி ஆட்டத்தில் நெதர்லாந்து 1-0 என்று அர்ஜென்டினாவை வென்றது. இந்தியாவுக்கு நான்காம் இடம். ஆனால் இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து ஆகிய வலுவான அணிகள் அங்கே இல்லை. அவை மற்றொரு முகாமைச் சேர்ந்தவை. அடுத்த ஆண்டே அந்த முகாம் தன் பழைய தயக்கத்தை உதறிவிட்டு எடின்பரோவில் ஓர் உலகச் சாம்பியன் போட்டியை நடத்த, அதில் இங்கிலாந்து வென்றது. ஒரே ஆட்டத்துக்கு இரண்டு உலகச் சாம்பியன்கள் இருந்த இந்த விசித்திர நிலை, 1982-இல் இரண்டு அமைப்புகளும் ஒன்றான பிறகே நீங்கியது. கண்டிப்பாகச் சொல்வதென்றால் உலகம் முழுவதற்குமான முதல் மகளிர் உலகக் கோப்பை 1983-இல் கோலாலம்பூரில் நடந்ததுதான். அதன் இறுதி ஆட்டத்தில் நெதர்லாந்து கனடாவை 4-2 என்று வீழ்த்தியது.

இதைச் சொல்லும்போது நெதர்லாந்தின் முதல் இரண்டு கோப்பைகளின் மதிப்பைக் குறைத்துவிடத் தோன்றும். அது நியாயமாகாது. 1978-இல் மாட்ரிட்டில் சம்மேளனத்தின் கோப்பையை வென்ற அந்நாடு, 1979-இல் வான்கூவரில் மற்ற முகாம் நடத்திய உலகப் போட்டிக்கும் போய் அதையும் வென்று வந்தது. பிளவுபட்ட உலகின் இரண்டு பாதிகளிலும் ஆடிப் பழகிய அணி அது. போட்டியே கூடாது என்ற மரபில் ஊறியிருந்த அணிகள் புள்ளிகளுக்காக ஆடப் பழகுவதற்குள் டச்சுப் பெண்கள் உலகக் கோப்பை என்ற வடிவத்தை நன்கு அறிந்தவர்களாகிவிட்டார்கள்.

ஒலிம்பிக்கில் பெண்கள் ஹாக்கியின் அறிமுகமும் சுமுகமாக அமையவில்லை. ஆப்கானிஸ்தானில் சோவியத் படைகள் நுழைந்ததைக் கண்டித்து 1980 மாஸ்கோ ஒலிம்பிக்கை முன்னணி அணிகள் புறக்கணித்தன. காலியான இடங்களை நிரப்ப அழைக்கப்பட்ட அணிகளில் ஒன்று, அந்த ஆண்டு ஏப்ரலில்தான் விடுதலை பெற்றிருந்த ஜிம்பாப்வே. அவசரமாகத் திரட்டப்பட்ட அந்த அணி ஆறு நாடுகள் ஆடிய போட்டியில் ஒரு தோல்வியும் இல்லாமல் தங்கம் வென்றது. இந்தியா நான்காம் இடம் பெற்றது. அந்தத் தங்கத்தைத் தற்செயல் என்று எழுதிவிடுவது வழக்கமாகிவிட்டது. எனினும் களத்துக்கு வந்தவர்களை வென்றவர்கள் அவர்கள்தாம்.

1976 மாண்ட்ரியல் ஒலிம்பிக்கில் ஆடவர் ஹாக்கி முதன்முறையாகச் செயற்கைப் புல்தரையில் ஆடப்பட்டது. அதன் பிறகு ஹாக்கி என்ற பெயர் மட்டும் பழையதாக இருக்க, ஆட்டம் வேறாகிப் போனது. இயற்கைப் புல்லில் பந்து எங்கே துள்ளும், எங்கே நிற்கும் என்று சொல்ல முடியாது. அதனால் மணிக்கட்டின் நெளிவும் பந்தைத் தன்னருகிலேயே வைத்துக்கொள்ளும் சாமர்த்தியமும் அங்கே பெரிய மூலதனம். நீர் தெளித்த செயற்கைத் தரையில் பந்து கண்ணாடிமேல் ஓடுவதுபோல் ஓடும். அங்கே வேண்டியது நெடுந்தூரம் நேராகச் செல்லும் பாஸ், ஓடும் வேகத்தில் பந்தை அடக்கும் திறன், கடைசி நிமிடம் வரை குறையாத உடல் வலிமை. இந்திய, பாகிஸ்தான் ஆடவர் அணிகளின் சரிவுக்குச் செயற்கைத் தரையைக் காரணம் காட்டும் பேச்சு பழகியது. அதே தரை பெண்கள் ஹாக்கியை எப்படி மாற்றியது என்பது பற்றி அந்த அளவுக்குப் பேசப்படவில்லை. 1974 உலகக் கோப்பையிலும் 1980 ஒலிம்பிக்கிலும் நான்காம் இடம் பெற்ற இந்தியப் பெண்கள் அணி, மறுபடி ஒலிம்பிக் களத்தில் கால் வைக்க 36 ஆண்டுகள் ஆயின. 2016 ரியோதான் அதற்கு அடுத்த வாய்ப்பு.

செயற்கைத் தரை போடவும் காக்கவும் பெரும் செலவாகும். ஆட்டத்துக்கு முன்பும் இடைவேளையிலும் ஆயிரக்கணக்கான லிட்டர் தண்ணீர் தெளிக்க வேண்டும். ஒரு நாட்டில் இத்தகைய களங்கள் பத்து இருந்தால் அவற்றை அடைவது யார் என்ற கேள்வி எழுகிறது. பெரும்பாலான நாடுகளில் முதலில் தேசிய அணிகளுக்கும், அதிலும் முதலில் ஆண்களுக்கும்தான் இடம் கிடைத்தது. நெதர்லாந்தில் இந்தக் கேள்வியே வேறு விதமாக அமைந்தது. அங்கே ஹாக்கிக் களம் அரசின் விளையாட்டரங்கில் இல்லை, ஊர்க் கிளப்பில் இருக்கிறது. 1898-இல் தோன்றிய அந்நாட்டு ஹாக்கிச் சங்கத்தின் கிளப்புகளில் சுமார் இரண்டரை லட்சம் உறுப்பினர்கள் இருக்கிறார்கள். அவர்களில் ஆண்களைவிடப் பெண்களே அதிகம். உலகில் விளையாட்டுச் சங்கங்கள் எத்தனையோ உண்டு. பெண்கள் பெரும்பான்மையாக உள்ள பெரிய சங்கங்கள் மிகச் சில. நெதர்லாந்தின் ஆண்கள் அணியைவிடப் பெண்கள் அணி உலகில் மேலோங்கி நிற்பதற்கு இதைவிட நேரடியான விளக்கம் வேறு தேவையில்லை. ஆண் பிள்ளைகளில் பெரும்பகுதியைக் கால்பந்து இழுத்துக்கொள்ள, பெண் பிள்ளைகளின் முதல் அணி விளையாட்டாக ஹாக்கி வேரூன்றிவிட்டது.

ஒரே கிளப்பில் ஐந்தாறு வயதுச் சிறுமிகளும், அவர்களுடைய அக்காமார்களும், அம்மாமார்களும் வெவ்வேறு நேரங்களில் அதே களத்தில் ஆடுவார்கள். திறமை மிக்கவர்கள் படிப்படியாக மேலேறி, ஹோஃப்ட்கிளாஸ எனப்படும் உச்ச லீக்கை அடைவார்கள். அந்த லீக்கில் 1990-களின் பிற்பகுதியிலிருந்து டென் போஸ் கிளப் ஏறக்குறைய ஆண்டுதோறும் கோப்பையைத் தூக்கிவந்திருக்கிறது. அர்ஜென்டினா, ஜெர்மனி, பெல்ஜியம் எனப் பிற நாடுகளின் தேசிய வீராங்கனைகளும் அந்த லீக்கில் ஆடச் செல்வது வழக்கம். ஆகவே ஒரு டச்சு வீராங்கனை, உலகக் கோப்பையில் சந்திக்கப்போகும் எதிராளியை அதற்கு முந்தைய மாதங்களிலேயே கிளப் ஆட்டங்களில் பலமுறை சந்தித்திருப்பார். வேறு நாட்டு வீராங்கனைக்கு ஆண்டில் சில வாரங்கள் மட்டும் கிடைக்கும் உயர்தரப் போட்டி அவருக்கு வாரந்தோறும் கிடைக்கிறது.

பிற சாம்பியன் நாடுகளின் கதையை இதோடு ஒப்பிடுவது பயன் தரும். ஆஸ்திரேலியாவின் பொற்காலம் என்று சொல்லப்படும் 1990-கள், ரிக் சார்லஸ்வொர்த் என்ற பயிற்சியாளரோடு பிரிக்க முடியாதபடி பிணைந்தவை. 1993-இல் பொறுப்பேற்று 2000 வரை இருந்த அவர், 1994, 1998 உலகக் கோப்பைகளையும் 1996, 2000 ஒலிம்பிக் தங்கங்களையும் அந்த அணிக்கு ஈட்டித் தந்தார். ரெச்சல் ஹாக்ஸ், அலிசன் அன்னன் போன்ற வீராங்கனைகள் பெர்த் நகரின் மையப் பயிற்சித் திட்டத்தில் ஒன்றாக வாழ்ந்து ஒன்றாகப் பயின்றவர்கள். சார்லஸ்வொர்த் விலகிய பிறகு ஆஸ்திரேலியா 2006-லும் 2014-லும் இறுதிக்கு வந்ததோடு சரி, கோப்பையைத் தொடவில்லை. அர்ஜென்டினாவின் எழுச்சி ஒரு தலைமுறையைச் சார்ந்தது. 2000 சிட்னி ஒலிம்பிக்கின்போது பெண் சிங்கத்தின் உருவத்தைச் சட்டையில் பொறித்துக்கொண்டு ஆடியதிலிருந்து 'லாஸ் லியோனாஸ்' என்று அழைக்கப்பட்ட அந்த அணியின் நடுநாயகம் லூசியானா ஐமார். உலகின் சிறந்த வீராங்கனை விருதை எட்டு முறை பெற்றவர் அவர். 2010 உலகக் கோப்பை அவருடைய சொந்த ஊரான ரொசாரியோவிலேயே நடந்து, இறுதி ஆட்டத்தில் நெதர்லாந்தை 3-1 என்று அர்ஜென்டினா வென்றது. அவர் காலத்துக்குப் பின்னரும் அந்த அணி வலுவாகவே இருக்கிறது. ஆனால் 2022 இறுதியில் அதே 3-1 என்ற கணக்கில் நெதர்லாந்திடம் தோற்றது.

நெதர்லாந்தின் வெற்றிகளை இப்படி ஒருவர் பெயரில் எழுத முடியாது. அண்மைய நான்கு உலகக் கோப்பை வெற்றிகளின்போதும் நான்கு வெவ்வேறு பயிற்சியாளர்கள் இருந்தார்கள்: 2006-இல் மார்க் லாமர்ஸ், 2014-இல் மாக்ஸ் கால்தாஸ், 2018-இல் அலிசன் அன்னன், 2022-இல் ஜாமிலோன் முல்டர்ஸ். இவர்களில் லாமர்ஸ் ஒருவர்தான் டச்சுக்காரர். கால்தாஸ் அர்ஜென்டினாவைச் சேர்ந்தவர், முல்டர்ஸ் ஜெர்மானியர், அன்னன் சார்லஸ்வொர்த்தின் ஆஸ்திரேலிய அணியிலேயே தங்கம் வென்றவர். எதிரணிகளின் அறிவை விலைக்கு வாங்கிக்கொள்ளும் வசதி ஒருபக்கம் இருக்கட்டும். யார் வந்து அமர்ந்தாலும் ஓடக்கூடிய ஓர் இயந்திரம் ஏற்கெனவே அங்கே இருந்தது என்பதே இந்தப் பட்டியல் சொல்லும் செய்தி.

அந்த இயந்திரம் எங்கே வெளிப்படையாகத் தெரிகிறது என்று கேட்டால், பெனால்டி கார்னரில் என்பேன். கோலுக்கு முன்னால் வரையப்பட்ட கோல் வட்டத்துக்குள் தற்காப்பாளர் தவறு செய்தாலோ, பின்கோட்டிலிருந்து 23 மீட்டர் வரையுள்ள பகுதிக்குள் வேண்டுமென்றே விதியை மீறினாலோ, பந்தை வேண்டுமென்றே தன் பின்கோட்டுக்கு வெளியே தள்ளினாலோ தாக்கும் அணிக்கு அது வழங்கப்படுகிறது. கடிகாரம் நிறுத்தப்படும், 40 விநாடிகளுக்குள் இரு தரப்பும் தயாராக வேண்டும். கோல்கீப்பரையும் சேர்த்து ஐந்து தற்காப்பாளர்கள் பின்கோட்டுக்குப் பின்னால் நிற்பார்கள். மற்ற ஆறு பேரும் நடுக்கோட்டுக்கு அப்பால் போய்விட வேண்டும். கோல்கீப்பர் தவிர்த்த நான்கு தற்காப்பாளர்களும் முகக்கவசத்தையும் முழங்கால் உறையையும் மாட்டிக்கொண்டு, ஓட்டப்பந்தயத் தொடக்கத்தில் நிற்பவர்கள்போல் குனிந்திருப்பார்கள். கோல் கம்பத்திலிருந்து 10 மீட்டர் தள்ளிப் பின்கோட்டில் வைக்கப்பட்ட பந்தை ஒரு வீராங்கனை வட்டத்துக்கு வெளியே தள்ளிவிடுவார். அங்கே மற்றொருவர் ஸ்டிக்கைத் தரையோடு படுக்கவைத்துப் பந்தைச் சட்டென்று நிறுத்துவார். மூன்றாமவர் தாழ்ந்த உடலோடு வந்து பந்தை ஸ்டிக்கின் தண்டில் ஏந்தி, தரையோடு இழுத்து வந்து சுழற்றி வீசுவார். இதுதான் டிராக் ஃபிளிக். அடித்துவிடும் முதல் பந்து 460 மில்லிமீட்டர் உயரத்துக்குக் கீழேதான் கோல்கோட்டைக் கடக்க வேண்டும் என்று விதி இருக்கிறது. இழுத்து வீசும் பந்துக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை. அதனால் 3.66 மீட்டர் அகலமும் 2.14 மீட்டர் உயரமும் கொண்ட கோலின் மேல்மூலை வரை அவர் குறிவைக்கலாம்.

தள்ளுபவர், நிறுத்துபவர், வீசுபவர் என மூவரின் கைகளும் ஒரே தாளத்தில் இயங்கினால்தான் இது பலிக்கும். பந்து நின்ற இடம் ஒரு சாண் விலகினாலும் வீச்சு குலைந்துவிடும். படைப்புத் திறனைவிடத் திரும்பத் திரும்பச் செய்த பயிற்சியே இங்கே பலன் தருகிறது. ஒவ்வொரு பெரிய கிளப்பிலும் இத்தகைய மூவர் குழு வாரந்தோறும் இதைச் செய்துகொண்டிருக்கும் நாட்டில், தேசிய அணிக்கு ஆள் தேடுவது சிரமமில்லை. நீண்ட காலம் அந்த வேலையைச் செய்தவர் மார்ட்ய பாவ்மென். அவர் ஓய்வு பெற்றபின் ஃப்ரெடெரிக் மாட்லா, யிபி யான்சென் என்று வரிசை தொடர்ந்தது. 2024 பாரிஸ் ஒலிம்பிக் இறுதியில் சீனா 1-0 என்று முன்னிலை பெற்று ஆட்டம் முடியும் தறுவாயை நெருங்கியபோது, பெனால்டி கார்னரில் யான்சென் வீசிய பந்துதான் சமன் செய்தது. பிறகு ஷூட் அவுட்டில் நெதர்லாந்து வென்றது. அந்த மாலை முழுவதும் சிறப்பாக ஆடியது சீனா என்று சொல்ல எனக்குத் தயக்கமில்லை. அன்று சீனாவின் பயிற்சியாளராக ஓரத்தில் நின்றிருந்தவர் அலிசன் அன்னன்.

ஒரு நாட்டின் ஆதிக்கத்தை இவ்வளவு விளக்கிய பிறகு, மற்றவர்களுக்கு வழியே இல்லையா என்ற கேள்வி எழும். வழி இருக்கிறது, அதை 2018 லண்டன் உலகக் கோப்பையில் அயர்லாந்து கண்டுபிடித்தது. அந்த ஆண்டு போட்டி 12 அணிகளிலிருந்து மீண்டும் 16 அணிகளாக விரிந்தது. நான்கு பிரிவுகளில் முதலிடம் பெறும் அணிகள் நேராகக் காலிறுதிக்கும், இரண்டாம் மூன்றாம் இட அணிகள் ஓர் இடைச்சுற்று ஆட்டம் ஆடிக் காலிறுதிக்கும் செல்லும் ஏற்பாடு அது. போட்டிக்கு வந்த 16 அணிகளில் தரவரிசைப்படி கடைசிக்கு முந்தைய இடத்தில் இருந்தது அயர்லாந்து. வீராங்கனைகளில் பலர் வேறு வேலை பார்ப்பவர்கள், மாணவிகள். அமெரிக்காவையும் இந்தியாவையும் வென்று தன் பிரிவில் முதலிடம் பிடித்த அந்த அணி, காலிறுதியில் மீண்டும் இந்தியாவைச் சந்தித்தது. ஆட்டம் 0-0 என்று முடிய, ஷூட் அவுட்டில் 3-1 என்று வென்றது. அரையிறுதியில் ஸ்பெயினோடு 1-1; மறுபடியும் ஷூட் அவுட், மறுபடியும் வெற்றி.

ஷூட் அவுட் என்பது, சமனில் முடிந்த ஆட்டங்களைத் தீர்மானிக்க முன்பு பயன்பட்ட பெனால்டி ஸ்ட்ரோக்குக்கு மாற்றாக வந்தது. தாக்குபவர் 23 மீட்டர் கோட்டிலிருந்து பந்தோடு புறப்பட்டு, எதிரே வரும் கோல்கீப்பரை ஏமாற்றி, 8 விநாடிகளுக்குள் கோல் போட வேண்டும். பதினோரு பேரின் வலிமை வேறுபாடு அங்கே மறைந்துபோகிறது; நல்ல கோல்கீப்பர் ஒருவர் போதும். அயர்லாந்துக்கு ஆயிஷா மெக்ஃபெரன் என்ற கோல்கீப்பர் இருந்தார்; போட்டியின் சிறந்த கோல்கீப்பர் விருதும் அவருக்கே கிடைத்தது. தற்காப்பை இறுக்கி, கோல் விழாமல் ஆட்டத்தை நீட்டி, இந்த எட்டு விநாடிக்கு இழுத்துச் செல்வது சிறிய அணிகளுக்கு நியாயமான உத்திதான். ஆனால் அந்த உத்தியின் எல்லையும் அதே போட்டியில் தெரிந்தது. இறுதி ஆட்டத்தில் நெதர்லாந்து அயர்லாந்தை 6-0 என்று வென்றது. உலகக் கோப்பை இறுதி ஆட்டங்களில் இதுவே மிகப் பெரிய வித்தியாசம். அணிகளின் எண்ணிக்கையைக் கூட்டியதால் அரையிறுதி வரை புதுமுகங்கள் வர முடிந்தது. உச்சியில் இருந்த இடைவெளி மட்டும் குறையவில்லை.

இந்தியாவின் நிலை இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது. 2010 ரொசாரியோவில் 15 வயதில் ஆடி 7 கோல்கள் போட்ட ராணி ராம்பாலின் வருகை ஒரு புதிய தலைமுறையைக் காட்டியது. 2021-இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் அவர் தலைமையில் நான்காம் இடம் வரை சென்ற அணி, வெண்கலத்துக்கான ஆட்டத்தில் பிரிட்டனிடம் 4-3 என்று தோற்றது. அடுத்த ஆண்டு உலகக் கோப்பையில் இங்கிலாந்தோடும் சீனாவோடும் 1-1 என்று சமன் செய்து, நியூசிலாந்திடம் 4-3 என்று தோற்று, இடைச்சுற்றில் ஸ்பெயினிடம் ஒரே கோலில் வெளியேறியது. 2024 பாரிஸுக்குத் தகுதியே பெறவில்லை. ஒரு கோல் வித்தியாசங்களின் இந்த வரலாற்றைத் துரதிர்ஷ்டம் என்று வகைப்படுத்துவதை நான் ஏற்கவில்லை. ஜார்க்கண்டின் சிம்டேகா, குந்தி, ஹரியானாவின் ஷாஹாபாத் எனச் சில வட்டாரங்களிலிருந்து வரும் சிறந்த பெண்கள் தேசிய முகாமில் கூடி மாதக்கணக்கில் ஒருவரோடொருவரே ஆடுகிறார்கள். அழுத்தம் நிறைந்த ஆட்டங்களின் கடைசிப் பத்து நிமிடங்களை அவர்கள் போதிய அளவு சந்திப்பதில்லை. மகளிருக்கான ஹாக்கி இந்தியா லீக் 2025-இல்தான், அதுவும் நான்கே அணிகளோடு தொடங்கியது. முன்னணி தேசிய அணிகள் பருவந்தோறும் மோதும் சர்வதேச ப்ரோ லீக்கில் இடம்பிடித்த இந்திய அணி 2024-25 பருவத்தில் கடைசி இடத்துக்குச் சரிந்து வெளியேறியதும் இதே குறையின் மறுபக்கம்.

முகாம் முறையால் மட்டும் உச்சிக்குப் போக முடியாதா என்றால், சீனா ஓரளவுக்கு முடியும் என்று காட்டியிருக்கிறது. 2002 உலகக் கோப்பையில் வெண்கலம், 2008, 2024 ஒலிம்பிக்குகளில் வெள்ளி, 2025 ஹாங்சோ ஆசியக் கோப்பை இறுதியில் இந்தியாவை 4-1 என்று வென்று நேரடியாக உலகக் கோப்பைத் தகுதி. ஆயினும் ஆசிய நாடு ஒன்றும் மகளிர் உலகக் கோப்பையை வென்றதில்லை. இறுதி ஆட்டத்துக்குக்கூட வந்ததில்லை. 1990-இல் தென் கொரியாவும் 2002-இல் சீனாவும் பெற்ற வெண்கலங்கள்தாம் இதுவரையிலான உச்சம்.

இங்கே அதிகம் பேசப்படாத மற்றொரு கணக்கையும் சொல்ல வேண்டும். 15 மகளிர் உலகக் கோப்பைகளில் ஆசியாவில் நடந்தது ஒன்றே ஒன்று, 1983 கோலாலம்பூர். ஆப்பிரிக்காவில் ஒன்றும் நடக்கவில்லை. நெதர்லாந்து 1986, 1998, 2014 ஆகிய ஆண்டுகளில் தனியாகவும் 2022-இல் ஸ்பெயினோடு சேர்ந்தும் நடத்தியிருக்கிறது. 2026 ஆகஸ்டில் ஆடவர், மகளிர் போட்டிகளைச் சேர்த்து நடத்துவதற்கும் பெல்ஜியத்தின் வாவ்ரும் நெதர்லாந்தின் ஆம்ஸ்டல்வீனும் தேர்வாயின. நடத்தும் நாட்டுக்குத் தகுதிச் சுற்று இல்லை, பயணக் களைப்பு இல்லை, பழகிய தரை, நிரம்பிய அரங்கு. சம்மேளனம் வேண்டுமென்றே ஒரு நாட்டுக்குச் சலுகை தருகிறது என்று இதற்குப் பொருளல்ல. பெண்களின் ஆட்டத்துக்கு இரண்டு வாரம் அரங்கை நிரப்பும் பார்வையாளர்கள் எங்கே உறுதியாகக் கிடைப்பார்களோ அங்கேதான் போட்டி போகிறது. இந்தியா ஆடவர் உலகக் கோப்பையை மும்பை, டெல்லி, புவனேஸ்வர், பின்னர் புவனேஸ்வரோடு ரூர்கேலா என நான்கு முறை நடத்தியிருக்கிறது. மகளிர் உலகக் கோப்பையை ஒருமுறைகூட நடத்தவில்லை. ராஞ்சியிலும் ராஜ்கிரிலும் நடந்த மகளிர் ஆசியச் சாம்பியன்ஸ் கோப்பைப் போட்டிகளுக்குத் திரண்ட கூட்டத்தைப் பார்த்தவர்கள், இங்கே பார்வையாளர் இல்லை என்று சொல்ல மாட்டார்கள். அந்த இரண்டு போட்டிகளையும் வென்றது இந்தியாதான்.